கொஞ்சம் வழிவிடுங்கள், பெரியவரே

மேசையிலிருந்து முள்கரண்டி தவறி விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆண் வரப்போகிறார், சாதாரணக் கரண்டி விழுந்தால் வருவது பெண் என்பது பிலிப்பைன்ஸில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூனை வாசலில் உட்கார்ந்து முகம் துடைத்தாலும் யாரோ வருகிறார்கள் என்றுதான் பொருள். வீட்டுக்குத் தொலைபேசி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்த 1980-களில், லகூனா மாகாணத்து லோஸ் பான்யோஸ் ஊரில், விளக்கு வைக்கும் நேரத்தில் மேசையைத் துடைக்கும்போது கரண்டி விழுந்துவிட்டால், ராத்திரிச் சோற்றுக்கு இன்னும் ஒரு பிடி அரிசி சேரும். யாரும் வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை; மிஞ்சிய சோறு மறுநாள் காலையில் பூண்டு போட்டு வதக்கிய சினாங்காக் ஆகிவிடும். வந்துவிட்டாலோ, வந்தவர் கூச்சப்படத் தேவையில்லாமல் அவருடைய பங்கு முன்பே உலையில் வெந்துகொண்டிருக்கும். இன்று அதே வீடுகளுக்கு வருகிறவர் கிளம்பும்போது ஒரு செய்தி, பாதி வழியில் ஒரு செய்தி, வாசலில் நின்று ஒரு செய்தி என்று அனுப்பிவிட்டுத்தான் வருகிறார். கரண்டி விழுந்தால் எடுத்துக் கழுவி வைக்கிறார்கள். அந்த ஒரு பிடி அரிசி எங்கே போயிற்று என்று நான் யோசிப்பதுண்டு.

நான் அங்கே போனது நெல்லுக்காக. 1960-இல் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 1966-இல் ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் அங்கிருந்துதான் புறப்பட்டுத் தமிழ்நாட்டு வயல்கள்வரை வந்து சேர்ந்தது. 1982 முதல் 1988 வரை எம்.எஸ். சுவாமிநாதன் அதன் தலைமை இயக்குநராக இருந்தார். பகலெல்லாம் வயலில் இறங்கித் தூர் எண்ணுவது, தத்துப்பூச்சி எண்ணுவது. மாலையில் மாக்கிலிங் மலையடிவாரத்தில் ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்கார அம்மாளைத் தெருவே 'நானாய்' என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் 'இஹோ', மகன். எதற்கும் ஏன் என்று கேட்கிற வயது எனக்கு. ராத்திரியில் ஏன் வீடு பெருக்கக் கூடாது, ஈரத் தலையோடு ஏன் படுக்கக் கூடாது, துணிக்கு இஸ்திரி போட்ட கையை உடனே ஏன் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். நானாய் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. "பெரியவர்கள் சொன்னார்கள், இஹோ. நம்புவதால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" என்பார். அந்த நாட்டில் லட்சோப லட்சம் வீடுகளில் சொல்லப்படும் பதில் அது. ராத்திரி பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, கடல் கடந்து வந்தும் பாட்டி வீட்டு முற்றத்திலேயே நிற்பதாகத் தோன்றும். வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் நமக்கு நரிக்கும் காக்கைக்கும் கல்யாணம். அவர்களுக்குக் குதிரைத் தலை கொண்ட திக்பாலாங்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளைதான் வேறு, மழை ஒன்றுதான்.

வயலோரத்திலும் தோப்புகளிலும் கரையான் புற்றுகள் இருக்கும். அவற்றுக்குள் நூனோ குடியிருக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை: தாடி வைத்த, உயரம் குறைந்த, சட்டென்று கோபம் வருகிற கிழவர். புற்றைக் கடக்கும்போதோ, மரத்தடியில் ஒதுங்கும்போதோ "தபி தபி போ" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வழிவிடுங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்று பெரியவரிடம் மரியாதையாகக் கேட்பது அது. கேட்காமல் மிதித்தவருக்குக் கால் வீங்கும், ஜுரம் வரும். பிறகு அல்புலார்யோ என்கிற நாட்டு வைத்தியரிடம் போய், தண்ணீரில் மெழுகை உருக்கி ஊற்றியோ படிகாரத்தைச் சுட்டோ, அதில் தெரிகிற உருவத்தை வைத்து யாரைப் புண்படுத்தினோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களோடு வேலை செய்த நடவு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் போகும்போது, புற்று இருக்கும் இடத்தில் பேச்சு சட்டென்று நிற்கும். ஒவ்வொருவராக அந்த மூன்று சொற்களை முணுமுணுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்வார்கள். பின்னால் போன நானும் சொல்லப் பழகினேன். சொல்லிப் பாருங்கள், காலடி தானாகவே மெதுவாகும். எங்கே கால் வைக்கிறோம் என்று கண் பார்க்கும். பாம்பு நடமாடும் வயலில் அது சின்ன உதவியல்ல.

இப்போது அந்தத் தோப்புகளில் பல வீட்டு மனைகளாகிவிட்டன. வாயிற்கதவு வைத்துக் காவலாளி நிறுத்திய குடியிருப்புகள். உள்ளே போக அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டும். அனுமதி கேட்கும் வழக்கம் போகவில்லை, கேட்கப்படுகிறவர் மாறிவிட்டார். புற்றை இயந்திரம் ஒரே தள்ளில் தள்ளிவிட்டது. ஆனாலும் அந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் காட்டுப் பாதைக்குள் நுழையும்போது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டேகூட, "தபி தபி போ" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது மனசு நிறைகிறது.

மலைக்கும் ஒரு சொந்தக்காரி உண்டு, மரியா மாக்கிலிங். பக்கத்து ஊரான கலாம்பாவில் 1861-இல் பிறந்த ஹோசே ரிஸால், அந்த நாட்டின் விடுதலைக்குக் குரல் கொடுத்துத் தோட்டாவுக்கு இரையானவர், இவளுடைய கதையை 1890-இல் 'லா சோலிடாரிடாட்' இதழில் எழுதினார். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு உடையும் நகையும் இரவல் கொடுப்பாள். பதிலுக்கு ஒரு வெள்ளைக் கோழி கொடுத்தால் போதும். வாங்கியதைத் திருப்பித் தராமல் ஊரார் வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் அவள் கண்ணில் படுவதை நிறுத்திவிட்டாள். மலையில் பாதியைப் பாதிரிகள் தங்கள் உடைமையாக்கப் பார்த்ததால் கோபித்துக்கொண்டாள் என்று சொல்கிறவர்களும் உண்டு என்று ரிஸால் எழுதுகிறார். நான் இருந்த காலத்தில், காட்டுக்குள்ளிருந்து தேவைக்கு மேல் பழத்தையோ பூவையோ எடுத்துக்கொண்டு வந்தால் வழி தவறும் என்று எச்சரிப்பார்கள். வழி தவறினால் சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போட வேண்டும். இன்று அந்த மலைக்காடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2013-இல் ஆசியான் பாரம்பரியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. தாவரங்களைப் பறிக்கக் கூடாது என்று பலகை சொல்கிறது. பலகையை எழுதியவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். அதே சட்டத்தை அபராதச் சீட்டு இல்லாமல் பல தலைமுறை அமல்படுத்திய அந்தப் பெண்ணுக்கும்தான்.

எனக்கென்று ஒரு தனி நம்பிக்கை அந்த ஊரில் காத்திருந்தது. அங்கே இந்தியனுக்குப் பெயர் 'பும்பாய்'. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், ஐந்து கொடுத்து ஆறாகத் திரும்பி வாங்கும் பஞ்சாபி வட்டிக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர். அடம் பிடிக்கும் பிள்ளையிடம் "பும்பாய் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான்" என்றால் போதும், சோறு மளமளவென்று இறங்கும். நான் தெருவில் திரும்பினாலே சின்னப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள். அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தது இன்னொரு நம்பிக்கைதான்.

இரண்டு வீடு தள்ளி ஒரு கைக்குழந்தை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, தாயின் தோளில் கிடந்த அதைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். ராத்திரி கதவு தட்டப்பட்டது. குழந்தை வயிறு உப்பி ஓயாமல் அழுகிறதாம். அந்நியர் பார்த்துப் பாராட்டியதால் வந்த உசோக், நம் கண்ணேறு. "குயா, அண்ணா, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் எச்சில்" என்றாள் தாய். கட்டை விரலை நாக்கில் தொட்டுக் குழந்தையின் வயிற்றில் தடவச் சொன்னார்கள். சட்டை தூக்கிவிட்ட அந்தச் சின்ன வயிறு தம்பூரா குடம் கணக்காக இறுகிக் கிடந்தது. தடவினேன். அழுகை சற்று நேரத்தில் அடங்கியது, வாயு பிரிந்திருக்கும். அதுவரை என்னைப் பார்த்து ஒளிந்த பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் ஒளியவில்லை. கண்ணேறு என்றால் கண்ணில் பட்டவர்மேல் சந்தேகம் வருவதுதான் உலக வழக்கம். இங்கே அந்தச் சந்தேகத்துக்குரியவனையே வீட்டுக்குள் அழைத்து, பிள்ளைமேல் கை வைக்கச் சொன்னார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் அந்நியரின் எச்சிலைவிட அஞ்சத் தக்கது எதுவும் இல்லாமல் போயிற்று. இப்போது குழந்தையின் படம் முகநூலில் வந்தால் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் உறவுகள் "புவேரா உசோக்", கண்ணேறு படாதிருக்கட்டும், என்று எழுதுகிறார்கள். மணிலாவின் கியாப்போ தேவாலயத்தைச் சுற்றி விற்ற, கண்ணேறு போக்கும் சிவப்பும் கறுப்புமான மணிக்கயிறு இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் டாவாவோ நகருக்கு மருத்துவம் படிக்கப் போகிறார்கள். அவர்களைக் கண்டு யாரும் ஒளிவதில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ராத்திரியில் யாராவது வந்து அவர்கள் கதவைத் தட்டுகிறார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

காலையில் சந்தைக்குப் போய் நாமே முதல் வாடிக்கையாளராக இருந்துவிடும் நாளில் மரியாதை தனி. நம் போணிதான் அங்கே புவேனா மானோ. முதலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுக்கும் என்பதால் விலை கொஞ்சம் இறங்கும். திலாப்பியா மீன் விற்கும் அம்மாள் என் பணத்தை வாங்கி, நான்காக மடித்து, ஒவ்வொரு மீன் குவியலின் மேலும் தட்டித் தட்டிக்கொண்டே போவார். ஏரி மீனின் செதில் ஒட்டி அந்த நோட்டு மினுங்கும். இப்போது மீன் தட்டின் பக்கத்தில் ஒரு சதுரக் கட்டத்தை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. தட்டுவதற்கு நோட்டு இல்லை. ஒரு கடைக்காரப் பெண் 'பணம் வந்தது' என்று ஒலித்த கைப்பேசியையே எடுத்து மீன்மேல் மெல்லத் தட்டியதைப் பார்த்தேன். புதியதைப் பழைய வழக்கத்துக்குள் கூட்டி வந்த அந்தக் கையை எனக்குப் பிடித்திருந்தது.

இவற்றில் எல்லாம் என் மனசுக்கு மிக நெருக்கமானது தட்டுத் திருப்புவது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்து புறப்பட வேண்டி வந்தால், உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் தம் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். போகிறவருக்கு வழியில் ஆபத்து வராது. அதிகாலை ஜீப்னி வண்டியைப் பிடிக்க நான் எழும்போது, பேசிக்கொண்டிருந்த நானாய் பேச்சை நிறுத்தாமலே தட்டைத் திருப்புவார். அவர் கணவர் திருப்புவார். கடைக்குட்டிப் பேரன் தானும் திருப்பி, சூப்பைச் சிந்திவிடுவான். பீங்கான் மரத்தில் உரசும் அந்தச் சத்தம்தான் எனக்கு வழியனுப்பு. அந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் இன்று யாராவது ஒருவர் துபாயிலோ ரியாத்திலோ கப்பலிலோ இருக்கிறார். மேசையை விட்டு எழுகிறவர் ஜீப்னிக்கு எழுவதில்லை, ஆண்டுக்கணக்கில் திரும்பாத பயணத்துக்கு எழுகிறார். தட்டுத் திருப்பும் வழக்கம் பிறந்தபோது இவ்வளவு நீளமான பயணங்களை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

துக்க வீட்டில் வழியனுப்புவதே கூடாது. லாமாய் என்கிற இரவு விழிப்பு பல நாள் நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை நீளும். இஞ்சிக் கஷாயமும் பிஸ்கோத்தும் வேர்க்கடலையும் சுற்றி வரும். சீட்டாட்டம் விடிய விடிய நடக்கும். ஆட்டத்தில் ஒரு பங்கு செலவுக்காகக் குடும்பத்துக்குச் சேரும். வீட்டைப் பெருக்கக் கூடாது, பெட்டியின் கண்ணாடிமேல் கண்ணீர் விழக் கூடாது. வந்தவர் புறப்படும்போது வீட்டார் வாசல்வரை வரக் கூடாது. நம் ஊர்த் துக்க வீடுகளிலும் 'போய்வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளாமல்தானே எழுந்து வருகிறோம்? அங்கிருந்து நேராகத் தம் வீட்டுக்கும் போகக் கூடாது. ஆவி பின்தொடர்ந்து வந்துவிடும். வேறெங்காவது நின்று அதை உதறிவிட்டுப் போக வேண்டும். பக்பாக் என்பார்கள். நாங்கள் நிற்பது நெடுஞ்சாலை ஓரத்துக் கஞ்சிக் கடையில். இஞ்சி மணக்கும் சூடான கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இறந்தவரைப் பற்றி அந்த வீட்டில் பேச முடியாத வேடிக்கைக் கதைகளையெல்லாம் பேசுவோம். பேசி முடிக்கும்போது மனசு லேசாகியிருக்கும். இப்போதும் பக்பாக் நடக்கிறது. குளிரூட்டிய துரித உணவுக் கடைகளும் இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகளும் அதற்கு வசதி. ஒரு காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு காருக்குள்ளேயே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆவிக்கு அது போதுமாக இருக்கலாம். துக்கத்துக்குப் போதாது.

பயத்தால் வந்த கெடுதலையும் சொல்லியாக வேண்டும். 1950-களின் தொடக்கத்தில், ஹுக் என்ற உழவர் படையை ஒடுக்க வந்த அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் ரத்தம் குடிக்கும் அஸ்வாங் பயத்தை ஆயுதமாக்கினார். ரோந்தில் கடைசியாக வந்த ஹுக் வீரனைப் பிடித்து, கழுத்தில் இரண்டு துளையிட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தத்தை வடித்து, உடலைப் பாதையிலேயே போட்டார்கள். மறுநாள் அந்தப் படை மலையைவிட்டுப் போயிற்று என்று 1972-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் அவரே எழுதினார். அந்தப் பயம் ஒழிந்தால் நான் வருந்த மாட்டேன்.

பங்குங்கோட் பயத்தில் மட்டும் ஓர் உண்மை இருந்தது. திடகாத்திரமான இளைஞன் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்து, தூக்கத்தில் முனகி, விடிவதற்குள் செத்துக் கிடப்பான். வெட்டிய மரத்தின் தூணில் குடியிருக்கும் பெண் பேய் மார்பில் ஏறி உட்கார்ந்தது என்பார்கள் இலோக்கோஸ் பக்கத்து மக்கள். ஹவாயில் வாழ்ந்த பிலிப்பினோ ஆண்கள் இப்படி இறந்ததை 1940-களிலேயே மருத்துவர்கள் குறித்திருந்தார்கள். 1992-இல் மருத்துவர்களான ப்ருகாடா சகோதரர்கள் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு கோளாறை விவரித்தார்கள். ஆசிய இளைஞர்களின் இந்தத் தூக்கச் சாவுகளில் பலவற்றுக்கு அதுவே காரணம் என்பது பிறகு தெளிந்தது. இன்று அதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், நெஞ்சில் கருவி பொருத்தி உயிர் காக்கலாம். பெரிய நன்மை இது. ஆனால் அன்று, முனகல் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஓடிப்போய் உலுக்கி எழுப்புவார்கள். பாயைப் பக்கத்தில் விரித்துப் படுத்தவர்கள் ஒருவர் தூக்கத்துக்கு இன்னொருவர் காவல். தனி அறையும் சாத்திய கதவும் வந்த வீட்டில் முனகல் யாருக்குக் கேட்கும்?

டிசம்பர் 31 வந்துவிட்டால் இந்த எல்லாப் பேச்சும் கொண்டாட்டமாகிவிடும். மேசையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழங்கள், மாதத்துக்கு ஒன்றாக. ஆப்பிளும் திராட்சையும் கைக்கெட்டாத அந்த நாளில் பன்னிரண்டைச் சேர்ப்பது தெருவின் வேலை. ஒரு வீட்டுக் கொய்யா, ஒரு வீட்டு சப்போட்டா, இன்னொரு வீட்டு பம்பளிமாஸ். எண்ணிக்கை குறைந்தால் கலமான்சி எலுமிச்சையும் கணக்கில் சேரும். நான்கு வீட்டுக் கொல்லையும் ஒரு தட்டில் வந்து உட்காரும். கோழிக்கறி கிடையாது, கோழி கிளறித் தின்கிற பிராணி, ஆண்டு முழுக்கக் கிளறிப் பிழைக்க நேரும். ஆயுள் நீள நூடுல்ஸ், செல்வம் ஒட்டிக்கொள்ளப் பசையரிசிப் பண்டம். உடுப்பில் வட்டப் புள்ளிகள், பையில் சில்லறை. நள்ளிரவு மணியடித்ததும் பிள்ளைகள் உயரமாவதற்காகக் குதிப்பார்கள், காசு குலுங்கும். வெடிச் சத்தத்தில் ஊர் அதிரும். 2017-இல் வந்த அரசாணை வெடியைப் பொது இடங்களுக்குள் ஒதுக்கியது. விரல் இழந்த பிள்ளைகளைப் பார்த்தவன் என்பதால் அதை வரவேற்கிறேன். பாத்திரத்தைத் தட்டினாலும் கெட்டது ஓடிவிடும். பழங்களை இப்போது பேரங்காடியில் எண்ணி அடுக்கிய கூடையாகவே விற்கிறார்கள். பன்னிரண்டும் பளபளக்கின்றன. கொய்யா கேட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் முகம்தான் அந்தக் கூடையில் இல்லை.

நம்பிக்கைகள் எளிதில் அழிந்துவிடும் சாதியல்ல. மாடிப்படிகளை ஓரோ, பிளாட்டா, மாட்டா, அதாவது தங்கம், வெள்ளி, சாவு என்று எண்ணி, கடைசிப் படி சாவில் முடியாமல் கட்டும் வழக்கம், 1982-இல் பேக்கே கல்லாகா எடுத்த படத்துக்கே பெயரானது. ஒரே ஆண்டில் உடன்பிறந்தவர் இருவர் கல்யாணம் செய்யக் கூடாது என்ற சுகோப், 2006-இல் திகில் படமாக வந்தது. பொறியாளர்கள் இன்றும் படி எண்ணுகிறார்கள், அஸ்திவாரத்தில் காசு போடுகிறார்கள், கோழி ரத்தம் சொட்டவிட்டுத் தூண் நிறுத்துகிறார்கள். ஆகவே இவை மறைந்துவிடும் என்று நான் கவலைப்படவில்லை. இவற்றுக்குள் இருந்த பொழுது மறைந்துகொண்டிருக்கிறது. புற்றருகே ஒரு நொடி நிற்பது, கஞ்சிக் கடையில் ஒரு மணி நேரம் உட்காருவது, அந்நியனை வீட்டுக்குள் கூப்பிடுவது, போகிறவருக்காகத் தட்டைத் திருப்புவது என்று எல்லாமே பக்கத்தில் இருப்பவருக்காக நம் பொழுதில் கொஞ்சம் எடுத்து வைப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத கிழவரிடமே வழி கேட்டுப் பழகியவர்கள், கண்ணெதிரில் நிற்கிறவரை இடித்துக்கொண்டு போக மாட்டார்கள். நான் பார்த்தவரை போனதில்லை.

பயத்தைக் கைவிடுவது நல்லது. அதற்குப் படிப்பும் மருத்துவமும் இருக்கின்றன. அதோடு சேர்த்து, பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பையும் கைவிட வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. அதை வைத்துக்கொள்ளச் செலவும் ஆவதில்லை.